இறக்கத்தில் தள்ளிய சைக்கிள்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஃபிட்டர். என் மனைவி ஸ்டேஷன் வரை போக பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஹேண்டில் ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்திருந்தது. குனிந்தால் அவளுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். நேர் ஹேண்டில் மாட்டினேன். பழைய பிரேக் லீவர் அதில் உட்காரவில்லை. கியர் சைக்கிளில் கழற்றிய ஜோடி ஒன்று கிடைத்தது, போட்டேன்.

"பிரேக் புடிச்சா நிக்க மாட்டேங்குதுயா," என்றாள்.

பிடித்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது.

"இதுக்கு மேல இன்னாமே டைட்டு வேணும்?"

இன்னொரு நாளும் சொன்னாள். பிரேக் கட்டை மாற்றினேன், ஒயர் மாற்றினேன். அப்புறம் அவள் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் டீக்கடையில், கூட வேலை செய்கிறவன் கேட்டான்.

"மாமே, பாலத்துல எல்லாரும் ஏறும்போது தள்ளுவாங்க. உன் ஊட்ல மட்டும் மிதிச்சி ஏறிட்டு, இறங்கும்போது தள்ளிகினு போவுது. இன்னா, வேண்டுதலா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்தேன். அண்ணனூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பாலம்தான் வழி. கீழே லாரி திரும்பும் இடம்.

வீட்டில் கேட்டேன்.

"ரெண்டு வாட்டி சொன்னேன். நீ கையால அமுக்கிப் பாத்த. ஏறி ஓட்டிப் பாத்தியா?" என்றாள்.

பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய லீவரையும் நான் மாட்டியதையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். நான் போட்டதில் ஒயர் மாட்டும் இடம் லீவர் திரும்பும் ஆணியிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. அது வேறு மாதிரி பிரேக்குக்குச் செய்தது. ஒயரை நிறைய இழுக்கும், பலமாக இழுக்காது. கட்டை சட்டென்று ரிம்மைத் தொட்டுவிடும், அழுத்தாது. கைக்குக் கல்லு மாதிரி தெரிந்தது அதுதான். தொழில் தெரிந்தவன் நான். கையை நம்பினேன், அவளை நம்பவில்லை.

சாதா சைக்கிள் லீவர் வாங்கிப் போட்டேன். பிடித்தால் மெத்தென்று இருந்தது. பாலத்தில் நானே ஓட்டி இறங்கிப் பார்த்தேன். நின்றது.

மறுநாள் காலை அவளோடு பாலத்து உச்சி வரை நடந்தேன்.

"இப்ப நல்லா கீது," என்றேன்.

"நீ சொல்லாத."

சைக்கிளில் ஏறிக் கீழ்நோக்கி ஓட்டினாள். பாதி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாள். நின்றது. காலை ஊன்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் போய் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். அப்புறம் ஓட்டிக்கொண்டே இறங்கினாள்.