இருபது வரை எண்ணு

ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன வருடம் தபாலில் ஒரு பதக்கம் வந்தது. அது நான் பராமரிக்கும் கிழவருக்கு. இங்கிலாந்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அவரைப் பசிபிக் கடலில் ஒரு பவளத்தீவுக்கு அனுப்பி, அணுகுண்டு வெடிக்கும்போது கடற்கரையில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு என்ன தெரியுமா? வெடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டு, கண்ணைக் கையால் பொத்து, இருபது வரை எண்ணு. அவ்வளவுதான். மூடிய கண்ணுக்கே தன் கையெலும்புகள் தெரிந்தன என்பார். தீவுச் சனத்தைக் கப்பலுக்குள் ஏற்றிக் கார்ட்டூன் படம் காட்டினார்களாம். என்ன கரிசனை!

பிறகு கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்தார். முதல் பெண் குழந்தை பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தது. அது அந்த வெடியால்தானா என்பது ஒன்றே அவருடைய கேள்வி. அவருக்குக் கை நடுங்கும் என்பதால், அதைக் கேட்டு பிரித்தானிய அரசாங்கத்துக்குக் கடிதங்களை நான்தான் எழுதினேன். "தங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று பதில் வரும். எடுத்து எங்கே வைத்தார்களோ, அந்தக் கனவான்களுக்கே வெளிச்சம்.

கடைசியில் பதக்கம். மனேஜர் அதற்கு விழாவே வைத்துவிட்டார். கேக்கில் ஒரு தென்னைமரம், அதன் பின்னால் கிறீமில் காளான் புகை. இதை யோசித்த மூளைக்கும் ஒரு பதக்கம் குத்தியிருக்கலாம். விட்பியிலிருந்து வந்த மகன், தகப்பனுக்கு வணக்கம் சொல்லமுன் செல்ஃபி எடுத்தார்.

என்னோடு வேலை செய்யும் பிள்ளை காதுக்குள் கேட்டாள்.

"அக்கா, உது வெள்ளியோ?"

"உதுதான் இப்ப உனக்குக் கவலை. பதக்கத்தோட வந்த கடிதத்தில அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கோ எண்டு பார்."

இரண்டு தரம் வாசித்தாள்.

"இல்லை அக்கா. சேவைக்கு நன்றி எண்டு மட்டும்தான் கிடக்கு."

கிழவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் பதக்கத்தைக் கேக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இங்கே பாருங்கள் அப்பா என்று ஃபோனைத் தூக்கினார். கிழவர் சக்கர நாற்காலியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். பதக்கத்துக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு, உரக்க எண்ணத் தொடங்கினார். மனேஜர் விளையாட்டென்று நினைத்துக் கை தட்டினார்.

இருபது வரை போகவில்லை. பதினொன்றில் நிறுத்திவிட்டார்.