கொடியில் அத்தையின் புடவை

மாமியார் இறந்தது குத்தாலத்தில், நாத்தனார் வீட்டில். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு விஷயமே தெரியாது. ரேஷன் அட்டையில் பேரை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "அம்மா பங்கு அரிசி போயிடும், இருக்கட்டும்டி" என்றார் கணவர். ரைஸ் மில்லில் நாளெல்லாம் அரிசி மூட்டை அடுக்குகிறவர் அவர்.

பருப்பு, எண்ணெய், சிலிண்டர் எல்லாம் ஏறின. அவர் சம்பளம் மட்டும் அசையவில்லை. அத்தை பங்கு இல்லாவிட்டால் மாதக் கடைசியில் உலை வைக்க முடியாது. அதனால் யார் கேட்டாலும், "அத்தை குத்தாலம் போயிருக்காங்க" என்றேன். சந்தேகம் வராமலிருக்க அவருடைய பச்சை நூல் புடவையை வாரம் ஒருமுறை நனைத்துக் கொடியில் போட்டேன். பிழியும்போது கை கூசும். என்மேலேயே எரிச்சல் வரும்.

ஒருநாள் எதிர்வீட்டம்மா கேட்டார். "மாமியார் வந்துட்டாங்களா? நேத்து கொல்லையில குனிஞ்சு கீரை கிள்ளிட்டு இருந்தாங்களே."

ஓடிப்போய்க் கொல்லையை எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. என் புடவைகள் கிழிந்து, புதிது எடுக்க வழியில்லாமல், முந்தின நாள் அந்தப் பச்சைப் புடவையைக் கட்டியிருந்தது நான்தான்.

அந்த வருஷம் மானியச் செலவு வரம்பைத் தாண்டக் கூடாதென்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அட்டையில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க வீடு வீடாக ஆள் வந்தது. எங்கள் வீட்டுக்கு மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பச்சைப் புடவையில், அரைப்பட்டினியாகச் சுவரில் சாய்ந்திருந்தேன்.

"எழுந்திரிக்காதீங்க பெரியம்மா. வயசானவங்களுக்கு ரேகை விழாது, ஆளப் பாத்தாப் போதும்" என்று அத்தை பேருக்கு நேரே டிக் அடித்தாள். "மருமக எங்க?"

எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கண் அவிந்தா போச்சு என்று கத்த வாய் துறுதுறுத்தது. கத்தினால் அத்தை பேர் போய்விடும், அரிசியும் போய்விடும். பழகிய வாய் தானாகச் சொன்னது.

"குத்தாலம் போயிருக்கா."

"வந்ததும் கடையில விரல் வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அவங்க பேர எடுத்துடுவாங்க."

எப்போதும் கணவர்தான் ரேஷன் கடைக்குப் போவார். மறுநாள் நானே போனேன். மிஷினில் விரலை வைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.

"ரேகை விழலீங்க. இன்னொரு நாள் வாங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து என் கிழிந்த புடவை ஒன்றை எடுத்து நனைத்தேன். கொடியில் அத்தையின் புடவைக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டேன், நானும் இருக்கிறேன் என்று தெருவில் நாலு பேர் பார்க்கட்டுமென்று.