தமிழம்மா எடுத்த கணக்கு

அரசுப் பள்ளித் தமிழாசிரியருக்கு ஒரு தனி யோகம் உண்டு: எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் போனாலும் அது நம் தலையில்தான் வந்து விடியும். உங்களில் பலருக்கும் விடிந்திருக்கும். எனக்கு விடிந்தது கணக்கு.

சீர் பிரிக்கிற கை

ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வந்த வருஷமே எங்கள் கணக்கு சார் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையை ஒட்டின பள்ளி. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தலைமையாசிரியர் ஜெபமணி சார் புதுக் கணக்குப் பாடத்துக்கான பயிற்சிக்கு என் பேரை அனுப்புவதாகச் சொன்னார். பத்தாவதோடு கணக்கை விட்டவள் நான் என்றேன். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்:

"செய்யுளுக்குச் சீர் பிரிக்கிறீங்கள்ல டீச்சர், அதுவும் ஒரு கணக்குதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி

புத்தகம் இன்னும் வரவில்லை, திரையில் காட்டினார்கள். இனி சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது, பிள்ளைகளே வரைந்து, அளந்து, கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டுமாம். கேட்க அழகாகத்தான் இருந்தது. என் பக்கத்தில், கழுத்தில் விசிலோடு ஒரு பி.இ.டி. சார். அவரும் கணக்குக்குத்தான் வந்திருந்தார். பிள்ளைகள் கேட்டு நமக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று எழுந்து கேட்டார்.

பயிற்சி கொடுத்தவர், கணக்கு படித்தவர்கள் மட்டும் கை தூக்கச் சொன்னார். பாதிப் பேர்கூடக் கை தூக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் ஜுவாலஜிதான் சார். சாப்பாடு வந்திருச்சு, மொதல்ல சாப்பிடுங்க."

முடியாத எண்

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது புத்தகம் வந்தது. அதில் உள்ளபடி ஒரு சதுரம் வரையச் சொன்னேன். பக்கம் ஒன்று என்றால் மூலைவிட்டம் ரூட் இரண்டு, அதன் தசமம் முடியவே முடியாது என்று வாசித்துக் காட்டினேன். மகேஸ்வரி எழுந்தாள். மில் தொழிலாளி மகள். பழைய சார் இவளிடம் போர்டை ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். எண் முடியவே முடியாதென்றால், இந்தக் கோடு மட்டும் எப்படி மூலையில் வந்து முடிகிறது என்று கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் பழைய சாரைப் போனில் பிடித்தேன். அவர் சொல்லச் சொல்லப் புரிந்த மாதிரி இருந்தது. காலையில் சாக்பீஸை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் நாளைக்கு என்றேன். அந்த வாரம் முழுக்க அவள் கண்ணைப் பார்க்காமலே பாடம் நடத்தினேன். கடைசியில் அவளாகவே வந்து சொன்னாள்:

"பரவாயில்ல டீச்சர், நான் அதை விட்டுட்டேன்."

அம்மா வந்தார்

அரையாண்டில் மகேஸ்வரி கணக்கில் தேறினாள், அவ்வளவுதான். அவள் அம்மா ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டின தலையோடு வந்தார். பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் வேண்டாம் என்று இப்போதே சொல்கிறாளாம். உங்கள் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும், விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடினேன். அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

"வராதுன்னு அவளே சொல்லுதா டீச்சர். அவளுக்குத் தெரியாதா?"

பார்வையிட வந்தவர்

பள்ளிகள் புதுப் பாடத்திட்டத்துக்குத் தயாராகிவிட்டனவா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாடத்தை முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒரு கையாவது எழாதா என்று மகேஸ்வரியையே பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி போகும்போது சந்தோஷமாகச் சொன்னார்:

"ஒரு பிள்ளைக்குக்கூட சந்தேகம் இல்ல. நல்லா தயாராயிருக்கீங்க டீச்சர்."

ஆக, எங்கள் பள்ளி தயார். கணக்கு வாத்தியார் மட்டும்தான் இன்னும் வரவில்லை.