நான்கு பிள்ளைகளின் தாயார்

சென்ற வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை முழுவதும் ஒரு இங்கிலாந்துக் குடும்பம் பரவிக் கிடந்தது.

மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அறுநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு சீமாட்டியின் பரம்பரையைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். பெரிய தாளில் பெட்டி பெட்டியாகப் பெயர்கள். பள்ளிக்கூடத்தோடு நின்றவன் நான்... சோற்றுக் கோப்பை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. என் பெரியம்மாவின் மூத்த மகன் பேசினார்; பெரியம்மா முதல் நாள்தான் இங்கே ஸ்காபரோவில் காலமாகியிருந்தார்.

"தம்பி, நீ பேப்பரிலை எழுதுறனிதானே. அம்மாவின்ரை மரண அறிவித்தலை வடிவா எழுதித் தா. ரஞ்சியின்ரை பேர் வேண்டாம்."

"அண்ணை... அவளும் மகள்தானே?"

"உவள் ஜமெய்க்காக்காரனையல்லோ கட்டினவள்! உவனை மருமகன் எண்டு போட்டால் ஜேர்மனியிலை இருக்கிற சம்பந்தி பகுதி என்ன சொல்லும்? மூண்டு பிள்ளையள் எண்டு போடு."

மூன்று பிள்ளைகளாம்! நகரின் மறுகோடி ரெக்ஸ்டேலில் இருந்து பஸ் மாறி மாறி வந்து பெரியம்மாவைக் குளிப்பாட்டியது யார்? வாசலில் ஸ்னோ தள்ளியது யார் — சம்பந்தி பகுதியா? ரஞ்சியின் கணவர் டெரிக் அல்லவா?

இதையெல்லாம் கேட்டேனா? "ம்..." என்றேன். என் கூச்சம் அப்படி.

மகள் தாளின் ஓரத்துப் பெட்டி ஒன்றில் விரலை வைத்தாள்.

"அப்பா, இவ அந்தச் சீமாட்டியின்ரை சிஸ்டர். வீட்டிலை குதிரை பார்த்தவனோடை ஓடிப்போனவ. ஃபமிலிக்கு சரியான கோவம். காணி, நகை ஒண்டும் குடுக்கேல்லை. பட், பேரை வெட்டேல்லை. அவன்ரை பேரும் இருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். குலம், கோத்திரம் என்று வாளெடுத்துச் சண்டை பிடித்த ஆட்கள்! அவர்களே குதிரைக்காரனுக்கு ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்களோ ஒரு சூட்கேசோடு அகதிகளாக வந்து இறங்கியவர்கள். எங்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பிரபுத்தனம்?

நான்கு பிள்ளைகள் என்றே எழுதி அனுப்பினேன். மூன்று என்று வெளிவந்தது. அண்ணை திருத்திவிட்டார். பெரியம்மாவைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் ரஞ்சியும் டெரிக்கும் கடைசி வரிசையில் இருந்தார்கள், யாரோ எவரோ போல.

இந்தப் பத்தியை அண்ணை திருத்த முடியாது. ஆகவே விடுபட்டதை இங்கே போடுகிறேன்:

அன்னார் ரஞ்சியின் பாசமிகு தாயாரும், டெரிக்கின் அன்பு மாமியாருமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் — முக்கியமாக, ஜேர்மனியில் இருப்பவர்களும் — ஏற்றுக்கொள்ளவும்.