மேடையில் ஒருவர்தான்

"அக்கா, இந்த வருஷம் நான் வர்றேன். லீவு கிடைச்சிருச்சு."

"வருஷா வருஷம் இதைத்தானே சொல்ற."

"டிக்கெட்டே எடுத்தாச்சுக்கா. ரைசாவுக்கு மெடல் நான்தான் போடுவேன். ஏழு வருஷமா நீயே போட்டுட்டிருக்கியே, கை வலிக்கலையா?"

"கை எதுக்கு வலிக்கும்? மேடை ஏறினா முட்டிதான் வலிக்கும்."

"அப்ப நல்லதாப் போச்சு. நீ கீழே உட்கார்ந்து போட்டோ எடு."

ஹாங்காங்கில் இருந்து ஆர்செலி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். லியோனிலாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, மறுநாள் காலை விற்கவேண்டிய அரிசிக் கேக்குக்கு மாவைக் கரைக்க உட்கார்ந்தவள், தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டாள். கீழே உட்கார்ந்து போட்டோ எடுக்கவேண்டுமாம்.

லியோனிலாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை ஆர்செலி மகளை அவளிடம் விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனபோது ரைசாவுக்கு ஐந்து வயது. குழந்தையின் அப்பன் அதற்கு முன்பே மணிலாவில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து ரைசாவுக்குப் பேன் பார்த்ததும், பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும் பெரியம்மாதான். ஜூன் மழைக்கு முன் பெற்றோர் எல்லாரும் கூடிப் பள்ளியைக் கழுவி வர்ணம் அடிக்கும் வாரத்தில், லியோனிலா ஒருநாள்கூடத் தவறியதில்லை. கூரைத் தகரம் கிழித்த கையோடு கதவுகளுக்குப் பச்சை அடித்தவள் அவள்.

அதற்கெல்லாம் கூலி மார்ச் கடைசியில் ஒரே ஒரு நாள் கிடைக்கும். பரிசு பெறும் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார்கள். கூடவே வீட்டாரில் ஒருவர் பெயரையும் கூப்பிடுவார்கள். அவர் மேடையேறி, பிள்ளையின் கழுத்தில் மெடலைப் போட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஏறினால் வரிசை கலைந்துவிடும் என்று பள்ளியில் கண்டிப்பு. யார் ஏறுவது என்று ஒரு வாரம் முன்னால் சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

சீட்டு வருவதற்குள் பிளெக்ஸ் வந்துவிட்டது. ஆர்செலி அங்கிருந்தே சொல்லி அடிக்கவைத்தது. வீட்டு வேலியை மறைக்கும் அகலம். நடுவில் ரைசா, பக்கத்தில் அதே அளவுக்கு ஆர்செலி. 'ஆறாம் வகுப்பில் உயர் சிறப்புத் தேர்ச்சி! பெருமையுடன், உன் அம்மா.' லியோனிலா தன் பெயரைத் தேடினாள். கீழ் மூலையில், அச்சடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே, 'நன்றி: பெரியம்மா' என்று இருந்தது. பெயர்கூட இல்லை.

எதிர்வீட்டு செபெரினா வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். "அடடே, உன் தங்கச்சி சினிமாக்காரி மாதிரி இருக்காளே! நீ எங்கடி லியோனிலா? ஆணி அடிக்க மட்டும்தான் உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"உன் பையனுக்கு அடிக்கிறப்ப என் போட்டோவைப் போட்டுக்கோ. மார்க்குதான் வரலேன்னாலும் பிளெக்ஸாவது நல்லாருக்கும்."

செபெரினா உள்ளே போனாள். லியோனிலாவுக்கு எரிச்சல் அடங்கவில்லை. அன்று மாலை ரைசா சீட்டை நீட்டி, "அம்மா பேரை எழுது பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறையில் அவள் பாடுவது கேட்டது. ஏழு வருஷத்தில் இந்தச் சீட்டு வந்த எந்த நாளிலும் அவள் பாடியதாக நினைவில்லை.

லியோனிலா தன் பெயரை எழுதினாள். அதன் கீழே, 'அம்மாவால் வர இயலாது' என்றும் எழுதினாள். மடித்துத் தானே கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஆர்செலி வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்து புதுக் கவுனை எடுத்துத் தோளில் வைத்துக் காட்டினாள். அப்போதுதான் லியோனிலா சொன்னாள். "நீ வருவியோ மாட்டியோன்னு முன்னாடியே என் பேரைக் கொடுத்துட்டேன். லிஸ்ட் அடிச்சாச்சாம். இனி மாத்த மாட்டாங்களாம்."

ரைசாவின் முகம் சுருங்கியது. ஆர்செலி கவுனை மடித்தாள். "பரவால்லக்கா. நான் போட்டோ எடுக்கறேன்."

மறுநாள் பள்ளியில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் ஊரே கூடியிருந்தது. மூங்கில் மேடையை அப்பாக்கள் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரமாக நூடுல்ஸும் கோழியும் வந்திருந்தன. எல்லாரும் ஆர்செலியைச் சுற்றி நின்றார்கள். ஏழு வருஷம் கதவுக்குப் பச்சை அடித்தவளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளுங்க, தங்கச்சியோட ஒரு படம்" என்றார்கள்.

பெயர் கூப்பிட்டதும் லியோனிலா ஏறினாள். ரைசா தலையைக் குனிந்தாள். மெடலின் நாடா அவள் காதில் மாட்டிக்கொண்டது, லியோனிலா இழுத்து விட்டாள். பள்ளியின் படக்காரர், "இங்கே பாருங்க" என்றார். லியோனிலா பார்த்தாள். ரைசா பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் நின்று போனை உயர்த்திய அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படம் அப்படியேதான் வந்தது. பெரியம்மா ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம்.

இறங்கி வந்தபோது ஆர்செலி டீச்சரிடம் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஏதோ கேட்டார், பிறகு ஆச்சரியப்பட்டவராகக் கோப்பைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். ஆர்செலி அதை வாங்கிப் படித்தாள். லியோனிலா திரும்பிப் பார்க்காமல் அழுக்குப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளியின் பின்னால் இருந்த அடிபம்புக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆர்செலி வந்தாள். புதுக் கவுனைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி, தேங்காய் நாரை எடுத்து ஒரு சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"திட்டறதுன்னா திட்டிரு" என்றாள் லியோனிலா.

"திட்டத்தான் வந்தேன்." சட்டியைத் திருப்பினாள். "அங்கே நான் பார்த்துக்கற பொண்ணு போன மாசம் நீச்சல்ல பரிசு வாங்கினா. கோப்பையை வாங்கினதும் என்கிட்டதான் ஓடி வந்தா. அவ அம்மா பக்கத்துலயே நிக்கறா. ரெண்டு நாள் அந்தம்மா என்கூடப் பேசல. மூணாம் நாள் என் சாப்பாட்டுத் தட்டை அவங்க தட்டுகளோட வைக்காம வேற அலமாரிக்கு மாத்தினா."

லியோனிலா பம்பை அடித்தாள். இதையும் இவள்தான் பெரிய மனசோடு சொல்லவேண்டுமா என்று அப்போதும் உள்ளே எரிந்தது.

ஆர்செலி கேட்டது ஒன்றுதான். "சீட்டுல நீ என்ன எழுதினன்னு ரைசாகிட்ட என்னைக்கும் சொல்லிடாதக்கா. நான் ஞாயித்துக்கிழமை போயிருவேன். அவ உன் பக்கத்துலதானே படுத்துத் தூங்கணும்."