இழுத்த விதம்

அந்த வக்கீலின் பெயர் எனக்குத் தெரியாது. திருவனந்தபுரம் கோர்ட்டில் என் வழக்குக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். கழுத்தின் வெள்ளைப் பட்டையை நீவிக்கொண்டே பேசுவார். இங்கிலீஷ் உச்சரிப்பு சுத்தம். கூண்டில் கரமனைக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கணவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான் என்று புகார். வக்கீல் கணவனின் தரப்பு.

“ஜெர்க்குன்னா சட்டுன்னு இழுக்கறது. யாங்க்குன்னா வெடுக்குன்னு இழுக்கறது. ரெஞ்ச்னா முறுக்கி இழுக்கறது. இதுல ஏதாக்கும் அம்மா?”

“தெரியலையே சார். முடி கொத்தா அவர் கையோட போயிடுத்து.”

“எப்படி இழுத்தாருன்னு சாட்சிக்கே தெரியல்ல,” என்று நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே போகும்போது அவருடைய கறுப்பு அங்கி பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்கவில்லை. குனிந்து, ஒரு நூல்கூட அறாமல், மெல்ல எடுத்துவிட்டார்.