மூன்று மாத வாடகையும் ஒரு சோபாவும்

மராத்தி பேசும் நகரம் ஒன்றின் ஐடி பகுதியான கராடியில் நாங்கள் இருந்த வீடு எட்டாவது மாடி. பால்கனியில் நின்றால் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் தெரியும். அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கால் மணி நேர மீட்டிங்கில் எங்கள் குழுவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி.

வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அப்பாவும் நானும் பிரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் வெளிநாட்டில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அவரிடமிருந்து பணம் வரும் என்று எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தேன். ஈரோட்டில் அண்ணன் இருந்தார். அவரிடம் வேலை போனதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வார்த்தை "கெளம்பி வந்துரு" என்பதாகத்தான் இருக்கும். பிரிவின்போது ஒரு முறை தோற்றவளாக அந்த வீட்டு வாசலில் நின்றாயிற்று. மறுபடியும் நிற்க மனம் வரவில்லை.

கம்பெனி கொடுத்த பணம் ஜனவரி வரை தாங்கியது. அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நம்பினேன். ஏழு இன்டர்வியூ போனேன். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பிப்ரவரி வாடகை கொடுக்க முடியவில்லை. மார்ச்சில் பள்ளி பஸ்ஸுக்குக் கட்டியதால் அந்த மாதமும் போயிற்று. அதன் பிறகு வாடகை என்ற சொல்லையே மனதில் நினைக்காமல் நாளை ஓட்டப் பழகிக்கொண்டேன்.

வீட்டு ஓனர் சாத்தாரா என்ற வேறு ஊரில் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. நான்கு வருடத்தில் அவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு பூப் படத்தோடு குட் மார்னிங் அனுப்புவார். மாதத் தொடக்கத்தில் பூவுக்குக் கீழே, வாடகை அனுப்பிவிட்டீர்களா என்று இந்தியில் ஒரு வரி இருக்கும். பிப்ரவரியில் "அடுத்த வாரம்" என்று பதில் போட்டேன். மார்ச்சில் "சம்பளம் தாமதம்" என்றேன். ஏப்ரலில், நான் படித்தது அவருக்குத் தெரியாதபடி போனில் அந்த நீல டிக்கை நிறுத்திவைத்தேன். அதற்கடுத்த வாரம் பூக்கள் வருவது நின்றுபோயிற்று. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

செலவைக் குறைப்பது பெரிய கஷ்டமாக இல்லை. ஆட்டோவை விட்டு பஸ்ஸுக்கு மாறினேன், பஸ்ஸை விட்டு நடந்தேன். வெளியே சாப்பிடுவதை நிறுத்தினேன். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவிடம் "ஊருக்குப் போறோம், வந்ததும் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்திருப்பது அதைவிடக் கஷ்டம். மகள் எங்கள் கட்டடத்திலேயே ஐந்தாவது மாடியில் கீபோர்டு கற்றுக்கொண்டிருந்தாள். அதையும் நிறுத்தியாக வேண்டியிருந்தது. "மிஸ் ஊருக்குப் போயிருக்காங்க கண்ணு, வர ரெண்டு மாசம் ஆகும்" என்று சொல்லிவைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, விளையாடிவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, மிஸ் லிஃப்ட்ல இருந்தாங்க."

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவங்க கேட்டாங்க, ஏன் வரலன்னு. நான் சொன்னேன், நீங்கதானே ஊருக்குப் போனீங்க? அவங்க சொன்னாங்க, நான் எங்கயுமே போகலயேன்னு." தமிழில் நீளமாகப் பேச அவளுக்குத் திணறும். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள். "நீ ஜூட் சொன்னியா?"

ஜூட் என்றால் பொய். அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு இந்தியில்தான் தெரிந்திருந்தது. அவளிடம் தமிழில் அதைச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை.

"ஆமா சாமி, பொய்தான் சொன்னேன்" என்றேன். பிறகு அவளைச் சமையல் மேடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, பணம் தீர்ந்தது, மூன்று மாதமாக வாடகை கொடுக்காதது எல்லாம். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இந்த வீடு போயிருமா?"

"போகும்னுதான் நினைக்கிறேன்."

"வேற வீடு வருமா?"

"வரும்."

மேடையில் காலை ஆட்டிக்கொண்டே, "கீபோர்டு கிளாஸ் எனக்கு போர்தான்" என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் பசிக்கிறது என்றாள்.

அன்றைக்கே செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உண்மையில் அது முன்பே தெரிந்ததுதான். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி, அவள் கணவருக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் காசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டி, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன இடம். அளவு பார்த்து ரிப்போர்ட் எழுதி, வாங்குகிற கம்பெனிக்கு அனுப்புகிற வேலை. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அந்தச் சம்பளத்தில் கராடி வாடகை கொடுக்க முடியாது என்பதாலேயே இரண்டு வாரமாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். வீட்டை விடுவது என்று முடிவெடுத்த பிறகு அந்தச் சம்பளம் திடீரென்று ஒரு சம்பளமாகத் தெரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஓனருக்கு எழுதினேன். நான்கு வரி. எனக்கு வேலை இல்லை, மூன்று மாத வாடகையை என்னால் இப்போது கொடுக்க முடியாது, டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன், இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்துவைக்கப் போனேன். கவிழ்ப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம்."

வருகிறோம். யார் யார்? வக்கீலோடா? சனிக்கிழமை முழுக்க வீட்டைத் துடைத்தேன். மகள் சுவரில் வரைந்திருந்த குதிரையைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பாதிக் குதிரைதான் போனது.

ஞாயிறு பதினொரு மணிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஓனரும் அவர் மனைவியும். அவர் சட்டை பஸ்ஸில் கசங்கியிருந்தது. மனைவி கையில் துணிப்பை ஒன்று. இருவரும் சோபாவின் விளிம்பில், எழுந்து ஓடத் தயாரானவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். டீ கொண்டுவந்து வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில், எழுதியதையே மறுபடியும் சொன்னேன். "நீங்க என்ன சொன்னாலும் சரிங்க. இந்த மாசக் கடைசியில சாவியைக் கொடுத்திடுவேன்."

ஓனர் மனைவியைப் பார்த்தார். "நெஜமாவே காலி பண்றீங்களா?"

"ஆமாங்க."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"இப்பவே எழுதித் தரேன்."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, டீயை எடுத்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். மனைவி முதல் முறையாகச் சிரித்தார். மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள்; என்னைவிட மூத்தவராக இருந்தும் அந்த அம்மா என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

"தாயி, இவருக்கு ஒரு மாசமா தூக்கமே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் சேந்து பயமுறுத்திட்டாங்க. தனியா இருக்கிற பொம்பள, கைல கொழந்த, போகமாட்டேன்னு உக்காந்துட்டா கோர்ட்டு கேஸுன்னு வருஷக்கணக்கா அலையணும்னு. தனியா வர பயந்துக்கிட்டு என்னையும் கூட்டிட்டு வந்தாரு."

"நீ சும்மா இரு" என்றார் அவர், கூச்சத்தோடு. பிறகு என்னிடம் திரும்பி, "இந்த வீட்டுக்கு லோன் போயிட்டிருக்குங்க. உங்க வாடகை வந்தாத்தான் நான் பேங்க்ல கட்ட முடியும். மூணு மாசமும் மச்சினன்கிட்ட வாங்கிக் கட்டினேன். அவன்கிட்ட கேக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியும்; நான் அண்ணனிடம் சொல்லாமலேயே இருந்தவள். இத்தனை நாளும் அவரை வீடுகள் வைத்திருக்கும் பணக்காரராகவே நினைத்திருந்தேன். அவருக்கு இருந்தது இந்த ஒரு வீடுதான். அவர் தூங்காத நாட்களில் நானும் எட்டாவது மாடியில் தூங்காமல் கிடந்தேன். ஒரு போன் பேசியிருந்தால் இரண்டு பேரும் தூங்கியிருப்போம்.

டெபாசிட் சரியாக மூன்று மாத வாடகை. ஆனால் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு தொகை பிடிப்பது அங்கே வழக்கம். ஓனர் பாதிக் குதிரையைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை எடுத்தார். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறேன் என்றேன். அதற்குள் அந்த அம்மா தான் உட்கார்ந்திருந்த சோபாவின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இது உங்க புது வீட்டுக்குள்ள போகுமா?"

நான் காசார்வாடியில் பார்த்துவைத்திருந்த வீட்டை நினைத்துப்பார்த்தேன். கதவுக்குள்ளேயே நுழையாது.

"போகாதுங்க."

"அப்ப பெயின்ட் காசுக்குப் பதிலா இத எடுத்துக்கறோம். சரியா?"

ஓனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கிளம்பும்போது அந்த அம்மா துணிப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய, அவர்கள் ஊர்ப் பால் இனிப்பான கண்டி பேடா டப்பாவை எடுத்து மகளிடம் கொடுத்தார். சண்டை வருமோ என்று பயந்து வந்தவர்கள் இனிப்போடு வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கதவை மூடியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லலாம். சிரிப்பும் வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேடா தின்றுகொண்டே, "அவங்க ரொம்ப அச்சா" என்றாள்.

காசார்வாடி வீடு ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். கீழே மாவு மில். வீட்டுக்காரம்மாதான் மில்லை நடத்துகிறார். காலை ஒன்பது மணிக்கு மில் ஓடத் தொடங்கினால் தரை லேசாக அதிரும். எல்லா அலமாரியிலும் மெல்லிய மாவு படிந்திருக்கும். வேலைக்கு எட்டு நிமிட நடை. மகளின் புதிய பள்ளிக்கு ஷேர் ஆட்டோ. முதல் வாரம் அவள் பழைய லிஃப்டை நினைத்து அழுதாள், அங்கே லிஃப்டில் ஒரு நாய்க்குட்டியும் வருமாம். இரண்டாவது வாரம் மில்லில் கோதுமை எடை போடக் கற்றுக்கொண்டு, அழுவதை மறந்துவிட்டாள்.

வேலை எனக்கு ஒத்துப்போனது. இரும்புத் துண்டை அளந்து, அளவு சரியா தப்பா என்று எழுதுவது சாஃப்ட்வேரில் தப்பு தேடுவதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. முதல் சம்பளம் வந்த அன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் வாடகையைக் கொடுத்தேன். அவர் மாவுக் கையாலேயே வாங்கி எண்ணாமல் டப்பாவில் போட்டுவிட்டு, கம்பு ரொட்டிக்கு எந்தக் கம்பு நல்லது என்று சொல்லத் தொடங்கினார். எனக்கு அது பெரிய நாள். அவருக்கு ஒன்றாம் தேதி, அவ்வளவுதான்.

அன்று மாலை அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன மாசமா ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலியா உனக்கு?" என்று கத்தினார்.

"தப்புதானுங்ண்ணா."

அவர் போனை வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து ஈரோட்டிலிருந்து பெரிய பார்சல் வந்தது. மஞ்சள் தூள், எள்ளுருண்டை, ஒரு வருடத்துக்குக் காணும் புளி. சீட்டு ஒன்றும் இல்லை. எள்ளுருண்டையில் பாதி கீழே மில்லுக்குப் போனது.

ஜூலையில் நல்ல மழை. ஒரு ஞாயிறு, லோக்கல் ரயிலில் மலையூரான லோனாவாலா போனோம். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு நிஜமாகவே இவ்வளவுதானா என்று இரண்டு முறை விசாரித்தேன். அங்கே மழையில் நின்று வடாபாவ் தின்றோம். குடை மடங்கி உடைந்தது, அதையும் பிடித்துக்கொண்டு சுற்றினோம். திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. ஈரத் துணியோடு மகள் என் மடியில் தலை வைத்தாள். அவள் தலையில் கை வைத்தது வரைதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது. எதிரில் இருந்த பலகையில் தாபோடி என்று இருந்தது. எங்கள் காசார்வாடி அதற்கு முந்தைய ஸ்டேஷன்; அது போய்விட்டது. அவளை உலுக்கி எழுப்பி, பையையும் உடைந்த குடையையும் அள்ளிக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்தோம். பின்னால் ரயில் கிளம்பியது.

"அம்மா, நீ குறட்ட விட்ட" என்றாள்.

"நீ விட்டிருப்ப."

"இல்ல, நீதான். நான் கேட்டுக்கிட்டே தூங்கினேன்."

மழை விட்டிருந்தது. ஆட்டோவைத் தேடாமல் ரோட்டோரமாகவே வீட்டைப் பார்த்து நடந்தோம். நாளைக்குத் தேர்வு இருப்பதை அப்போதுதான் அவள் சொன்னாள்.